யாருக்கு ஓட்டு? வரிசையில் நிற்பதற்கு முன் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். அருப்புக்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே பூத். வரிசையில் எனக்கு முன்னால் பதினைந்து பேர். யாருக்குப் போடுவது என்று அதுவரை முடிவு செய்யவில்லை. அப்பா ஒரு கட்சி, அண்ணன் அதற்கு நேர் எதிர் கட்சி. இரண்டு பேரும் முந்தின நாள் இரவு சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போயிருந்தார்கள். உள்ளே போனேன், ஒரு பட்டனை அமுக்கினேன், பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் அம்மா, "யாருக்குடா போட்ட?" என்று கேட்கவில்லை, "ஏன்டா போட்ட?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2024-ல் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்து முன்கூட்டியே வேலையை ஆரம்பித்தேன். அதிலும் பாதி இடங்களில் சறுக்கினேன். முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்களும் ஊர் மாறி வந்தவர்களும் அதே இடங்களில் சறுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கு என்று இதில் இருக்காது. எப்படி முடிவெடுப்பது என்பது மட்டும்தான். மொத்தம் மூன்று மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

1. முதலில் பட்டியலில் உங்கள் பெயர்

கையில் ஓட்டர் ஐடி இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் எபிக் எண்ணை (ஓட்டர் ஐடியில் இருக்கும் எண்) போட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வந்துவிடும். 1950-க்குப் போன் செய்தும் கேட்கலாம். போன தடவை பெயர் இருந்தது என்று சும்மா இருக்காதீர்கள். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிர திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் மட்டும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. அதில் இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் உண்டு. ஆனால் உங்கள் பெயரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறியிருந்தால், வேறு தொகுதிக்கே போயிருந்தாலும், படிவம் 8. இரண்டும் இலவசம். ஜெராக்ஸ் கடையில் இதற்கு நூறு, இருநூறு கேட்டால் கொடுக்காதீர்கள், போனிலேயே போடலாம்.

நான் மாட்டிக்கொண்டது முகவரிச் சான்றில். சென்னை வேளச்சேரியில் வாடகை வீடு. பதினோரு மாத ஒப்பந்தம், முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியது. அது செல்லாது. பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம்தான் கேட்கிறார்கள், அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! கரண்ட் பில் அவர் பெயரில், கேஸ் இணைப்பு ஊரில். கடைசியில் சுலபமான வழி பாஸ்புக்தான் என்று தெரிந்தது. வங்கியில் முகவரியை மாற்றி, புதிய பாஸ்புக் அச்சடித்து வாங்க எனக்கு ஒரு வாரம் ஆனது, செலவு எதுவும் இல்லை. ஆதாரில் முகவரி மாற்றியிருந்தால் அதையே கொடுக்கலாம்.

விண்ணப்பித்த பிறகு பி.எல்.ஓ. (உங்கள் பூத்தின் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர்) வீட்டுக்கு வந்து விசாரிப்பார். நீங்கள் ஆபீசில் இருக்கும் நேரத்தில்தான் வருவார். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இல்லையென்றால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பழைய ஊரிலும் புதிய ஊரிலும் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. "ரெண்டும் இருக்கட்டுமே" என்று சொல்லும் நண்பரைக் கேட்காதீர்கள்.

2. தேதிக் கணக்கு

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அவ்வளவுதான். நான் அப்படித்தான் இருந்தேன். பெயர் சேர்க்கும் விண்ணப்பம், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். 2024-ல் தேர்தலை அறிவித்தது மார்ச் 16, சனிக்கிழமை மாலை. தமிழ்நாட்டில் மனு தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. கழித்துப் பாருங்கள், மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பாஸ்புக் அப்போது இன்னும் அச்சாகவே இல்லை. அதனால்தான் அந்த முறையும் அருப்புக்கோட்டைக்கே பஸ் ஏறினேன். போக வர 1,450 ரூபாய்.

இன்னொரு கணக்கும் உண்டு. யார் யார் நிற்கிறார்கள் என்பது மனு வாபஸ் நாளில்தான் உறுதியாகும். 2024-ல் அது மார்ச் 30. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. நடுவில் இருபது நாள். வேட்பாளர்களைப் பற்றிப் படிக்க உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதில் கடைசி இரண்டு நாள் பிரச்சாரம் கிடையாது. எனக்கு நிதானமாகப் படிக்க முடிந்தது அந்த இரண்டு நாள்தான்.

3. எம்.பி.யிடம் எதைக் கேட்கலாம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் வாழ்க்கையில் அரசு தொடும் இடங்களில் உங்களுக்கு முக்கியமான மூன்றை எழுதுங்கள். கட்சிப் பெயர் எதுவும் வேண்டாம். நான் எழுதியவை: அண்ணன் மகளின் நீட், எங்கள் ஊரில் விசைத்தறி வைத்திருக்கும் சித்தப்பாவின் நூல் விலை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர்.

எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது எங்கே முடிவாகிறது என்று குறியுங்கள். தெருத் தண்ணீர் நகராட்சி, மாநில அரசு. அதை அடித்துவிட்டேன். டாஸ்மாக், பட்டா, டவுன் பஸ் எல்லாம் அப்படித்தான். மாநில விஷயங்களை மக்களவைத் தேர்தலில் எழுப்பி ஓட்டுக் கேட்பது இங்கே வழக்கம், அதில் மயங்க வேண்டாம். நீட் மத்தியச் சட்டம். நூல் விலைக்குப் பின்னால் பருத்தி இறக்குமதி வரி, ஜி.எஸ்.டி. ரயில், தேசிய நெடுஞ்சாலை, வருமான வரி, பி.எஃப்., வெளியுறவு, குடியுரிமை, பாதுகாப்பு இவையும் டில்லி விஷயங்கள்தான்.

இந்தத் தாள்தான் முக்கியம். வீட்டில் எவ்வளவு சத்தம் வந்தாலும், டி.வி.யில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும், மறுபடி வந்து நிற்க ஒரு இடம் வேண்டும். மனு வாபஸ் நாளுக்கு முன்பே, வேட்பாளர் யார் என்று தெரியாதபோதே எழுதிவிடுங்கள். தெரிந்த பிறகு எழுதினால் நமக்குப் பிடித்தவருக்குத் தோதாகத்தான் கேள்வி வரும். இதை நான் சோதித்துப் பார்த்தேன், அப்படித்தான் வருகிறது.

4. படிவம் 26: வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்

மூன்று மாலையில் ஒன்றை இதற்கே வையுங்கள். மனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு ஆகிய விவரங்களை உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த கோப்பு, சிலருடையது நூறு பக்கத்தைத் தாண்டும். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் தூங்கிவிடுவீர்கள். கடைசியில் பகுதி 'பி' என்று ஒரு சுருக்கம் இருக்கும், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

வழக்குகளைப் பார்க்கும்போது எண்ணிக்கையை நம்பாதீர்கள். "இவர் மேல் இருபது வழக்கு" என்று வாட்ஸப்பில் வரும். திறந்து பார்த்தால் பத்தொன்பது சாலை மறியலும் தடையை மீறிய ஊர்வலமுமாக இருக்கும். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்று இருந்தால் பெரும்பாலும் அந்த மாதிரி வழக்குதான். நம் ஊர் அரசியலில் அது இல்லாதவர் குறைவு. 302 கொலை, 307 கொலை முயற்சி, 420 மோசடி. இவை இருந்தால் நின்று படியுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகான வழக்குகளுக்குப் புதிய எண்கள். கொலைக்கு 103, கொலை முயற்சிக்கு 109, மோசடிக்கு 318, தடை மீறலுக்கு 223. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டதா என்று ஒரு கட்டம் இருக்கும். அதையும் பாருங்கள்.

வழக்கு உள்ள வேட்பாளர் அதை மூன்று முறை பத்திரிகையிலும் டி.வி.யிலும் விளம்பரமாகப் போட வேண்டும். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்தக் கட்டத்தை நாம் வரி விளம்பரம் என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

சொத்தில் மொத்தத் தொகை பெரிதாகச் சொல்லாது. பூர்வீக நிலத்தின் மதிப்பு தானாக ஏறும். முன்பு நின்றவராக இருந்தால் அவருடைய பழைய பத்திரத்தையும் இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கியது என்ன, ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்துக்கு அது பொருந்துகிறதா, அரசுக்குப் பாக்கி உண்டா, அரசு ஒப்பந்தம் எதுவும் எடுத்திருக்கிறாரா. மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள பத்தியை விடாதீர்கள்.

எல்லா வேட்பாளருக்கும் இதைச் செய்ய முடியாது. 2024-ல் கரூரில் 54 பேர் நின்றார்கள். தாளில் உள்ள மூன்று விஷயத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களை மட்டும் பாருங்கள்.

5. ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால்

மக்களவைத் தளத்தில் அவர் கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், வருகை எல்லாம் இருக்கின்றன. கேள்விகளின் எண்ணிக்கையை விட எதைப் பற்றிக் கேட்டார் என்று நாலைந்து கேள்விகளைத் திறந்து படியுங்கள். சிலர் நூற்றுக்கணக்கில் கேட்டிருப்பார்கள், ஒன்றுகூட நம் தொகுதியைத் தொட்டிருக்காது.

இங்கே ஒரு பொறி. அமைச்சராக இருப்பவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர் அவர். "பூஜ்யம் கேள்வி" என்று அவரைப் பற்றி மீம் வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி. எம்.பி. பணத்தைத் தொடுவதில்லை, வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். ஒரு தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கும்போது 5 கோடி என்பது கொஞ்சம்தான். பஸ் நிறுத்த நிழற்குடையில் பெயர் எழுதியிருப்பதை வைத்து ஒரு எம்.பி.யை எடை போட வேண்டாம்.

6. ஆளா, கட்சியா?

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடந்த சண்டையில் பாதி இதுதான். அப்பா, "நம்ம ஆளு நல்ல மனுசன்டா, கல்யாணம் காச்சின்னா வந்து நிப்பாரு" என்பார். அண்ணன், "அவர் நல்லவர்தான்ப்பா, அங்க போய் கை தூக்கப்போறது யாருக்கு?" என்பான்.

இதில் நான் அண்ணன் பக்கம். கட்சி கொறடா உத்தரவு போட்டால் அதை மீறி ஓட்டுப் போடும் எம்.பி. கட்சித் தாவல் சட்டப்படி பதவியை இழக்கலாம். தனிநபர் மசோதா கொண்டுவரலாம், ஆனால் 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. அதனால் உங்கள் தாளில் உள்ள விஷயங்கள் சட்டம், வரி சம்பந்தமானவை என்றால் கட்சிக்கும் கூட்டணிக்கும்தான் கூடுதல் மதிப்பெண் போட வேண்டும். நான் கட்சிக்கு எழுபது, ஆளுக்கு முப்பது வைத்தேன். ரயில்வே கேட், தொகுதிக்கு ஒரு ரயில், பாஸ்போர்ட் அலுவலகம் மாதிரியான விஷயம் என்றால் ஆளின் சுறுசுறுப்பு உதவும், அப்போது ஐம்பது ஐம்பது.

தேர்தல் அறிக்கையை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். அவை இருக்கும் வரிகளை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பரிசீலிக்கப்படும்", "வலியுறுத்துவோம்" என்று இருந்தால் அரை மதிப்பெண். அவர்கள் ஏற்கெனவே ஆட்சியில் இருந்திருந்தால், அதே விஷயத்தில் மசோதா வந்தபோது எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள். அதற்கு முழு மதிப்பெண்.

7. ஜெயிக்கிறவருக்குத்தான் போட வேண்டுமா? நோட்டா?

"ஓட்டை வீணாக்காதே" என்று எல்லோரும் சொல்வார்கள். நம் முறையில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் வெற்றி. ஆகவே வர வேண்டாம் என்று நினைப்பவரைத் தடுக்க, இரண்டாவதாகப் பிடித்தவருக்குப் போடுவதில் தப்பில்லை. ஆனால் யார் முந்துகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டீக்கடையில் சொன்னார்கள், யாரோ அனுப்பிய சர்வே, அவ்வளவுதான். 2024-ல் எங்கள் விருதுநகர் தொகுதியில் வித்தியாசம் 4,379 ஓட்டு. 2019-ல் சிதம்பரத்தில் 3,219. மும்பை வடமேற்கில் 2024-ல் 48 ஓட்டு, ஒரு டவுன் பஸ்ஸில் ஏறும் கூட்டம்.

நோட்டாவுக்குப் போட்டால் தேர்தல் ரத்தாகாது. அதுவே முதலிடம் வந்தாலும் அடுத்து இருப்பவர் எம்.பி. 2024-ல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்து இரண்டாமிடம் வந்தது, வென்றவர் வென்றவர்தான். கோபத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் போடுங்கள், மாற்றம் வரும் என்று எண்ணிப் போடாதீர்கள்.

8. வீடும் வாட்ஸப்பும்

தாள் தயாராகும் வரை யாரிடமும் விவாதிக்க வேண்டாம். தயாரான பிறகு உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். நான் அப்பாவிடம், "நீங்க போடுற கட்சி செஞ்சதுல உங்களுக்கே பிடிக்காத ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன். யோசித்து இரண்டு சொன்னார். அண்ணனிடமும் கேட்டேன், அவன் ஒன்று சொன்னான். அன்றைக்குத் தட்டு நகரவில்லை. அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்று என் தாளில் ஏறி, மதிப்பெண்ணையும் மாற்றியது.

கடைசி இரண்டு நாளில் வரும் வீடியோ எதையும் நம்பாதீர்கள். மறுப்பு வருவதற்குள் ஓட்டுப்பதிவு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைப் பரப்புவார்கள். நான் குடும்பக் குழுவை மூன்று நாள் மியூட்டில் போட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டார், சித்திரைத் திருவிழாவுக்குள் சரியாகிவிட்டது.

அப்புறம் கவர். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. பணப் பட்டுவாடா புகாரில் 2019-ல் வேலூர் தேர்தலே நிறுத்தப்பட்டு ஆகஸ்டில் நடந்தது. படத்தோடு புகார் செய்ய ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போவார்கள், "யாருக்குப் போட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்பார்கள். தெரியாது. பூத்வாரியாக மொத்தக் கணக்கு வெளிவரும், அவ்வளவுதான். யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டும் விவிபேட் சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குள் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும், அதில் உங்கள் பெயர் கிடையாது.

9. அன்றைக்கு

ஓட்டர் ஐடி இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை ஏதாவது ஒன்று போதும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பூத் ஸ்லிப்பை மட்டும் நீட்டினாலும் விட மாட்டார்கள். எங்கள் வரிசையில் ஒரு பாட்டியம்மா இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றார், பேரன் ஓடிப்போய் ஆதாரை எடுத்து வந்தான்.

பூத் வாசலில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருக்கும். உங்கள் வேட்பாளரின் வரிசை எண், சின்னம், போட்டோ மூன்றையும் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். பெயரை மட்டும் நம்பினால் கை தவறிவிடும். ஒரு இயந்திரத்தில் 16 பட்டன்தான், கரூரில் நாலு இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தான் என்று நிரூபித்து 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். இயந்திரத்தில் விட மாட்டார்கள், தாளில் ஓட்டுச் சீட்டு தருவார்கள், உறையில் வைத்து மூடுவார்கள். நீதிமன்றம் கேட்டால்தான் எண்ணுவார்கள், இருந்தாலும் பதிவாகட்டும்.

அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை உங்கள் உரிமை, தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். விடாத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதை விட ஒரு வாரம் முன்பே மெயில் போட்டு வைப்பது நல்லது.

மாலை 6 மணிக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் போடலாம். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை நம்ப வேண்டாம், காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். திரும்பும் பஸ்ஸை அன்றிரவுக்குப் போடாமல் மறுநாள் காலைக்குப் போடுங்கள். ஓட்டுப் போட்டுவிட்டுச் சென்னை திரும்புகிற கூட்டம் முழுவதும் அன்று இரவு பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கும். நான் திருமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தேன்.